பதினேழு வழுக்கள்

என் தங்கையின் மகள் எழுதிய நாவலில் பதினேழு வழுக்கள் இருந்தன. முதல் வாசிப்பில் பதினொன்றைக் கண்டுபிடித்தேன், இரண்டாம் வாசிப்பில் மிச்சம் ஆறையும். கற்பிட்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், இருநூறு கதிரைகளுக்கு முன்னால் நின்று, ஒன்றும் விடாமல் வாசித்தும் காட்டினேன். போன வருடம் நடந்தது. இன்றைக்கும் பஸ் அந்த மண்டபத்தைக் கடக்கும்போது நான் மறுபக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு விஞ்ஞானத்தின் மெய்யியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். ஒரு கருதுகோளை மெய்யென்று நிறுவ ஆயிரம் அவதானங்கள் போதாது, பொய்யென்று காட்ட ஒன்று போதும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் முந்நூற்று நான்கு பக்கங்களில் சொல்லியிருந்தேன். முந்நூறு பிரதிகள் அச்சடித்ததில் இருநூற்றுப் பதினெட்டு இன்னும் பாலாவி வீட்டில் என் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் கிடக்கின்றன. கறையான் ஏறுகிறதா என்று அடிக்கடி இழுத்துப் பார்ப்பேன். அதன் வெளியீட்டு விழாவுக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் உறவு. இரண்டு பேர் மண்டபத்தைப் பூட்டுவதற்காக நின்றவர்கள்.

என் மருமகளும், அதாவது அந்தத் தங்கையின் மகளும், ஆசிரியைதான். முதல் நியமனம் கடல்நீர்க் களப்புக்குள் இருக்கும் ஒரு தீவில் கிடைத்தது. அங்கே ஒரு மீனவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மாற்றம் கிடைத்துக் கரைக்கு வந்த பிறகு இந்த நாவலை எழுதினாள். தீவொன்றில் ஒரு கணவன், ஒரு மனைவி. அவன் அதிகம் பேசாதவன். ஒரு விடியற்காலை, அவன் கடலுக்குப் போயிருக்கும்போது, அவள் பையைக் கட்டிக்கொண்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பயணிகள் போட்டில் ஏறிவிடுகிறாள். திரும்பி வருவதாக இல்லை. கரையில் இறங்கி ஒரு கடையில் பிளேன்ரீ குடிக்கிறாள். பிறகு என்ன நினைத்தாளோ, அடுத்த போட்டிலேயே திரும்பி வந்து அடுப்பை மூட்டுகிறாள். பகல் அவன் வந்து சோறு தின்கிறான். அவள் போனது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. இவ்வளவுதான் கதை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் இதை எப்படி எழுதினாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் எரிச்சலும் இருந்தது.

ஆய்வுரைக்கு என்னைக் கேட்டு அவளே வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் கிராஅத் ஓதல், வரவேற்புரை, முதற்பிரதி வாங்குதல் எல்லாம் முடிந்த பிறகு படித்தவர் ஒருவர் எழுந்து நிறைவு பத்தும் குறை இரண்டும் சொன்னால்தான் வெளியீட்டு விழா நடந்ததாகக் கணக்கு.

"மாமா, கதையப் பத்தி நாலு வார்த்த சொல்லுங்க. போதும்."

"நாலு வார்த்தைக்கு நான் எதுக்கு? அத மைக் செட்காரனே சொல்லுவான்."

"அப்ப பத்து நிமிசம். அதுக்கு மேல வேணாம். உங்கட விழாவுல நீங்க ஏற்புரையத் தொடங்கினதும் சனம் வடையக் கையில எடுத்துக்கிட்டே பெய்த்திட்டாங்க, நினைவிரிக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு பேனையை எடுத்துக்கொண்டு நாவலின் முன்னால் உட்கார்ந்தேன்.

என் துரதிர்ஷ்டம், அந்தத் தீவை நான் அறிவேன். ஆறேழு வருடத்துக்கு முன், கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. தீவு தீவாகப் போய்ப் போத்தல்களில் தண்ணீர் எடுத்தேன். அந்தத் தீவில் மருமகள் பின்னாளில் தங்கிய அதே வீட்டில்தான் நானும் இரண்டு இரவு தங்கினேன். வீட்டுக்காரர் எனக்கு விருந்தோம்பினார். அவர் மனைவி உள்ளே இருந்து சாப்பாடு அனுப்பினாரே தவிர, அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நாவலில் வருவது அந்த வீடுதான் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுகொண்டேன். ஆனால் எல்லாம் பிழையாக எழுதப்பட்டிருந்தது. ஒரே கிணறு என்றிருந்தது. அங்கே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு. பிள்ளை ஒரு மகன் என்றிருந்தது; அங்கே இரட்டைப் பெண் பிள்ளைகள். கணவனுக்குத் தென்னந்தோட்டமும் இருந்ததாக எழுதியிருந்தாள். அவருக்கு இருந்தது ஒரு படகு மட்டும். முற்றத்தில் வேம்பு என்றிருந்தது, நின்றது பூவரசு. அவள் அங்கே பல காலம் இருந்தும் இவ்வளவு கவனமில்லாமல் பார்த்திருக்கிறாளே என்று மனம் பதைத்தது. அந்தப் பதைப்பை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

விழா அன்று இருநூறு கதிரைகளில் நூற்று எண்பத்தாறு நிரம்பியிருந்தன. மேடையில் இருந்தபடியே எண்ணினேன். பின்னால் சுவரோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நுரைச்சோலையிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. தலைகளை எண்ணினேனே தவிர, எவர் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாலாம் வரிசையில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்ததைக் கண்டிருப்பேன். கௌரவப் பிரதி கொடுப்பதற்காக மருமகள் அழைத்திருந்த விருந்தாளி அவர்.

நான் நிறைவைச் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு குறைக்கு வந்தேன். தீவின் பெயரைச் சொன்னேன். நாவலில் அந்தப் பெயர் இல்லை. அந்தத் தீவில் முன்னும் பின்னும் கிணறுள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் என்றும், இரண்டிலும் என் கையால் தண்ணீர் எடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அந்த வீட்டில் இருப்பது மகன் அல்ல, இரட்டைப் பிள்ளைகள் என்றேன். மண்டபத்தில் தலைகள் திரும்பத் தொடங்கின. என் பேச்சு இறங்குகிறது என்று நினைத்தேன். பதினோராவது வழுவை முடித்தபோது நாலாம் வரிசையில் ஒருவர் எழுந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்திருக்கும் என்று எண்ணினேன். பன்னிரண்டாவதைத் தொடங்கினேன். பதினேழு முடிந்ததும், வீட்டில் எழுதித் திருத்தி மனப்பாடம் செய்திருந்த வசனத்தைச் சொன்னேன்: "ஆகவே இது கற்பனை அல்ல, பிழையாகப் பதியப்பட்ட அவதானம்."

சிலர் கை தட்டினார்கள். மருமகள் ஏற்புரையில் இரண்டே வசனம் பேசினாள்.

மண்டபத்துக்குப் பின்னால், பற்றீஸும் வடையும் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில், என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நீங்க திருத்தினது எல்லாம் நான் வேணுமெண்டே மாத்தினது, மாமா."

"மாத்தினதா? எதுக்கு?"

"எதுக்கா? புள்ளையளோட எழும்பிப் பெய்த்தாவே, அவட கதைதான் அது. எழுதவாண்டு அவக்கிட்டக் கேட்டன். எழுது, ஆனா நானெண்டு ஒரு குருவிக்கும் தெரியக் கூடாதெண்டா. கெணத்த மாத்தினன். மரத்த மாத்தினன். அவட புள்ளையளையே மாத்தினன். நீங்க ஒவ்வொண்டா எடுத்து அதது இடத்துல திரும்ப வெச்சிட்டீங்க."

"எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"கதப் புத்தகத்துல வேம்பு ஏன் நிக்கிதெண்டு ஒரு மனிசன் கேப்பாரெண்டு நான் கனவா கண்டன்?"

அந்தப் பெண்ணின் கணவர் விழாவுக்கு வரவில்லை. ஆனால் தீவிலிருந்து வந்தவர்கள் பதினான்கு பேர் என்று பிறகு கேட்டறிந்தேன். பதினான்கு வாய் ஒரு போட்டில் ஏறித் திரும்பிப் போனது. தன் மனைவி ஒரு நாள் பிள்ளைகளோடு தன்னை விட்டுப் போகப் புறப்பட்டாள் என்பதை அந்த மனிதர் பிறர் வாயால் கேட்கப்போகிறார். அந்தப் பெண் அதே வீட்டில் அவர் முன்னால் சோறு வைக்க வேண்டும். இதைச் செய்தவன் நான்.

தங்கை அடுத்த நாளே வந்தாள். கதிரையில் உட்காரவில்லை.

"காக்கா, உங்கட புத்தகத்த ஒருத்தரும் வாசிக்கல்ல எண்டுதானே அவட புத்தகத்த இப்புடி வாசிச்சீங்க?"

"உண்மையச் சொன்னன்."

"உங்கட உண்மைய உங்கட கட்டிலுக்குக் கீழ போட்டு வெச்சிருக்கலாமே. அங்கதான் இடமிரிக்கே."

அவள் சின்னவளாக இருந்தபோதும் இப்படித்தான் பேசுவாள். அவள் கேட்ட கேள்வியை அதற்கு முன்பே நான் என்னிடம் கேட்டுவிட்டேன். முப்பத்தொரு பேருக்கும் நூற்று எண்பத்தாறு பேருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த மேடையில் என்னோடு கூடவே நின்றது.

தீவுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். மருமகள் தொலைபேசியில் கத்தினாள். "நீங்க அந்த வாசல்ல போய் நிண்டா முடிஞ்சி. இப்ப கதையா இரிக்கிறது அப்பவே மெய்யாகிடும்." அவள் சொன்னது சரி. நாற்பது வருடம் அதைத்தான் நான் படிப்பித்தேன். போய் நிற்பதும் ஒரு சான்று.

நான் போகவில்லை. அந்த வீட்டுக்காரர் வந்தார்.

பின்னேர அசர் தொழுகை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேற்றில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கையில் ஒரு பையில் பாரை மீன். முகம் கறுத்து, முன்பைவிட உடம்பு வற்றியிருந்தார். மீனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, நான் காட்டிய கதிரையில் நுனியில் உட்கார்ந்தார்.

"சேர் எங்கட ஊட்டுல தங்கினீங்க. நினைவிரிக்கா?"

"ஓம் தம்பி."

"மேடையில எங்கட ஊட்டச் சொன்னீங்களாம். ரெண்டு கெணறெண்டு."

அந்த நிமிடம் எனக்கு ஒரு வழி தெரிந்தது. சாட்சி கெட்டுப்போனவன் என்றால் சாட்சியமும் கெட்டுவிடும். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல.

"உங்கட ஊட்டயா? உங்கட ஊட்டுல ஒரு கெணறுதானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு, சேர். நீங்கதானே ரெண்டுலயும் தண்ணி எடுத்துப் போத்தல்ல அடச்சீங்க."

"அப்பிடியா? அது வேற தீவெண்டல்லவா நான் நினச்சன். நான் ஏறி எறங்கின தீவு ஒண்டா ரெண்டா? எல்லாம் குழம்பிப் போச்சி."

"புள்ளையளயாவது நினைவிரிக்கா?"

"ஏன் இல்ல? ஒரு மகன்தானே உங்களுக்கு?"

என் மனைவி கொண்டுவந்து வைத்த பிளேன்ரீயை அவர் கையில் எடுத்தார்.

"ரெட்டப் பொம்புளப் புள்ள, சேர். ரெண்டையும் மடியில தூக்கி வெச்சிருந்தீங்க. ஒருத்தி உங்கட கண்ணாடியப் புடுங்கி ஒடச்சிட்டா."

"மறந்திட்டன், தம்பி. இப்பெல்லாம் மறந்திடுது."

பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார், ஆனால் எனக்கும் கேட்டது. "உம்மா, சேரத் தனிய பஸ்ஸுல அனுப்பாதீங்க."

அதற்குப் பிறகு, சேருக்கு மறதி வந்துவிட்டது, தீவையும் ஆளையும் மாற்றிப் பேசிவிட்டார் என்ற கதை தீவிலும் கற்பிட்டியிலும் பரவியது. அதை இறங்குதுறையில் நின்று எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான். சனம் நம்பியது. எனக்கு ஏற்கனவே எழுபத்தாறு வயது. அளவீட்டிலுள்ள வழுக்கள் பற்றி நான் எழுதி முடித்திருந்த இரண்டாம் புத்தகத்துக்கு விழா எடுப்பதாகச் சொன்னவர்கள், சேர் முதலில் சுகமாகட்டும் என்றார்கள். பாலாவிச் சந்தியில் பழைய மாணவன் ஒருவன் லொறியை நிறுத்தி இறங்கி வந்து, என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தான். நான் கையை இழுக்கவில்லை. மருமகளுக்கும் தங்கைக்கும்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. தங்கை என் மருந்துக் குளிசைகளைத் தானே எண்ணித் தரத் தொடங்கினாள். ஒருநாள் ஒன்று குறைய எண்ணினாள். அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். இது எனக்குச் சரியான தண்டனை என்று தோன்றியது. தண்டனையை ஏற்றுக்கொள்வதில் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண் வந்தார். மருமகள் கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இளையவர், சிரிக்கக்கூடிய முகம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேருக்கு மறதி இல்லயெண்டு எனக்குத் தெரியும். எங்கட கெணத்துல எத்தினயாம் வளையத்துல தண்ணி நிக்கிதெண்டு கேட்டாலும் சொல்லுவீங்க."

"ஏழாம் வளையம்," என்று சொல்லிவிட்டேன்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறதிக்காரனுக்காக அவள் இத்தனை நாள் பட்ட கவலை முகத்தில் மாறிக் கோபமாகி, பிறகு வேறு ஏதோ ஆனது.

"நான் ஒண்டு கேக்கத்தான் வந்தன்," என்றார் அந்தப் பெண். "நான் எழும்பிப் பெய்த்த பொறகும் வாசிச்சீங்களாமே. ஏன் சேர்?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "ஆறு மிச்சமிருந்திச்சி, மகள்."

"அந்த ஆறும் என்ன?"

"இப்ப அது எதுக்கு?"

"ஊரே கேட்டிச்சி. நான் மட்டும் கேக்கல்ல. அது என்ட கததானே?"

அது நியாயம். பன்னிரண்டைச் சொன்னேன்: படகின் நிறம். பதின்மூன்று, பள்ளிவாசலுக்குப் போகும் பாதை. பதினான்கு, கூரை. பதினைந்து, கடையில் பிளேன்ரீக்குக் கொடுத்த சீனி. எங்கள் பக்கக் கடைகளில் கேட்காமல் கையில் சீனி வைப்பதில்லை. அதற்கு மட்டும் அவர் மெல்லச் சிரித்தார். "அது மெய்யாவே தந்தாங்க சேர். நான் அழுதுகொண்டு இருந்தன்."

பதினாறுக்கு வந்தேன். வாயைத் திறந்த பிறகுதான் அது என்னவென்று எனக்கே விளங்கியது. மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க."

"அது ஒண்டுமில்ல. நான் பிழையாக் கணக்குப் பாத்தது."

"சேர்."

சொன்னேன். கதை நடப்பது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில். அந்த மாதத்தில் காற்று எழும்புவதற்கு முன், காலை எட்டு மணிக்குள், கடற்பக்கத்துப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். பயணிகள் போட்டோ களப்புப் பக்கத்துத் துறைக்குத் திரும்பி வருவது பதினொரு மணிக்கு. ஆகவே அவள் திரும்புவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே கணவன் கரையில் இருந்திருக்க வேண்டும். பகல்வரை கடலில் இருந்தான் என்பது நடக்காத காரியம். மாதத்தையும் மணியையும் மருமகள் எழுதிப் போட்டது போலவே சொன்னேன். மண்டபத்திலும் இதே சொற்களில்தான் சொல்லியிருந்தேன். கேட்டவர்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நானும்தான்.

"மாதத்தயும் மணியயும் நான் மாத்தல்ல," என்றாள் மருமகள், சத்தம் இல்லாமல். "அதுல யாரு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்கண்டு விட்டிட்டன்."

அந்தப் பெண் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கி பகல் வந்து படியில இரிந்தார்," என்றார் கடைசியில். "கடலால வந்தா சாரத்தக் கழட்டித் தருவார், நான் அலசிப் புழிஞ்சி போடுவன். அண்டைக்கும் வாங்கினன். புழிய ஒண்டுமில்ல. காஞ்சி இரிந்திச்சி. எனக்கு இரிந்த பயத்துல நான் அத யோசிக்கல்ல."

நான் எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. எட்டிலிருந்து பதினொன்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இல்லாத வீட்டில் ஒரு மனிதன் மூன்று மணித்தியாலம். பிறகு போட் வருவதைக் கண்டு, அவள் அடுப்பு மூட்டி முடியும்வரை அவன் கடற்கரையில் எங்கோ போய் நின்றிருக்க வேண்டும். அவன் எனக்கு முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்து, என் பொய்யைக் கடைசிவரை கேட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கப் பரப்பியதும் அவளுக்காகத்தான் என்று விளங்கியது. நான் அதை ஒரு வழுவாக எண்ணிட்டு, பதினைந்துக்கும் பதினேழுக்கும் நடுவில் வைத்திருந்தேன்.

அவர் எழுந்தார். பதினேழாவது என்ன என்று கேட்கவில்லை. கேற்றுவரை போய்த் திரும்பி, "வாறன் சேர்," என்றார்.

பிறகு மருமகள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கே தெரியுமா என்று அந்தப் பெண் கணவரிடம் கேட்டாராம். அவர் ஓம் என்றாராம். அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று மருமகள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று மட்டும் அவள் மூலம் கேட்டனுப்பினேன். பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது.

"சேர் எழுதட்டும். கெணறு, மரம், புள்ளையள் எல்லாத்தையும் மாத்திப் போடச் சொல்லு. அவருக்கு அது பழக்கமில்ல. நீ பக்கத்துல இரிந்து பாரு."

அவள் இரண்டு நாள் வந்து பக்கத்தில் இருந்தாள். நான் எழுதியதை வாசித்து, பென்சிலால் வெட்டி, வெட்டிய இடத்தில் வேறு எழுதினாள். எங்கெங்கே என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் அவள் எழுதியது அந்த மண்ணில் இருக்கவே முடியாத ஒன்று. பேனை என் கையில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன்.